ஏஐ சொன்ன வரிக் கணக்கை எவ்வளவு நம்பலாம்? கோத்தகிரி தேயிலைத் தோட்டம் ஒன்று சொல்லிக் கொடுத்த பாடம்



இன்னைக்கு ஒரு வரிக் கணக்கு போடப் போறோம். ஒரே கேள்வி, மூணு விடை. அதுல ரெண்டு விடை தப்பு. தப்பான ரெண்டும் ஏஐ கிட்ட இருந்து, நல்ல தெளிவான தமிழ்ல, கொஞ்சம் கூட தயக்கம் இல்லாம வந்தவை. வீடியோல நேரம் பத்தாததால கணக்கு முழுசையும் இங்கே எழுதுறேன். பேனா, பேப்பர் எடுத்துக்கோங்க.

விஷயம் இதுதான். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் கோயம்புத்தூரில் ஐடி வேலையில் இருக்கிறார். சொந்த ஊர் கோத்தகிரி பக்கம். அப்பா காலமான பிறகு இரண்டரை ஏக்கர் தேயிலைத் தோட்டத்தின் பட்டா இவர் பெயருக்கு மாறியது. தோட்டத்தை அம்மா பார்த்துக்கிறாங்க. பறிக்கிற பச்சைத் தேயிலையைப் பேக்டரிக்குக் கொடுப்பாங்க, மாசம் ஒருமுறை பணம் வரும். உரம், பறிகூலி, கவாத்து செலவெல்லாம் போக, வருஷத்துக்கு நிகரமா 1 லட்சம் ரூபாய் நிக்குதுன்னு வெச்சுக்குவோம்.

குன்னூர் பெட்போர்டு பக்கம் ஒரு டீக்கடையில் சந்திச்சோம். போனை நீட்டினார்.

"அண்ணா, இது பாருங்க. தேயிலை வருமானத்துல 40 சதவீதத்துக்கு வரி கட்டணும்னு ஏஐ சொல்லுது. நேத்து வேற மாதிரி கேட்டேன், விவசாய வருமானத்துக்கு வரியே கிடையாது, விட்டுடுங்கன்னு சொல்லுச்சு. எதை நம்பறது?"

ரெண்டையும் நம்பக்கூடாது. ஏன்னு பார்க்கலாம்.

முதல் பதில்: "40 சதவீதத்துக்கு வரி"

இது ஏஐ கற்பனையா சொன்னது இல்லை. 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் 8-ஆவது விதி நிஜமாவே இருக்கு. தேயிலை வருமானத்தில் 40 சதவீதத்தைத் தொழில் வருமானமாகவும், மீதி 60 சதவீதத்தை விவசாய வருமானமாகவும் எடுத்துக்கணும்னு அது சொல்லுது.

ஆனா அந்த விதி யாருக்கு? தேயிலையைத் தானே வளர்த்து, தானே தூளாகத் தயாரித்து விற்பவருக்கு. அதாவது சொந்தத் தோட்டமும் சொந்த பேக்டரியும் வைத்திருக்கிற எஸ்டேட் கம்பெனிகளுக்கு. வளர்ப்பது விவசாயம், தூளாக்குவது தொழில். ரெண்டும் கலந்து வருகிற லாபத்தைப் பிரிக்கத்தான் இந்த 60-40.

நம்ம தம்பி வீட்டில் தூள் தயாரிக்கிறதே இல்லை. பறித்த இலை அப்படியே போகுது. அதனால அந்த வருமானம் முழுக்க விவசாய வருமானம். 8-ஆவது விதிக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை.

விதி சரி, ஆள் தப்பு. நீலகிரியில் பேக்டரி இல்லாமல் இலையை மட்டும் விற்கிற சிறு விவசாயிகள் ஆயிரக்கணக்கில் இருக்காங்க. ஆனா "தேயிலை, வருமான வரி" என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது பரீட்சைக்கான நோட்ஸும் அதிலுள்ள 60-40 கணக்கும்தான். ஏஐ படித்து வளர்ந்தது இணையத்தில் நிறைய இருக்கிற எழுத்தை. எது அதிகமா எழுதப்பட்டிருக்கோ, அது முதலில் வாயில் வரும்.

இரண்டாவது பதில்: "வரியே கிடையாது, விட்டுடுங்க"

இதுவும் பாதி சரி. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசு நேரடியா வருமான வரி போடுறதில்லை. ஆனா சம்பளமும் விவசாய வருமானமும் சேர்ந்து இருப்பவருக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கு. நிகர விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானம் அடிப்படை வரி விலக்கு வரம்பையும் தாண்டினால், வரி விகிதத்தை முடிவு செய்ய மட்டும் விவசாய வருமானத்தையும் கூட்டிப் பார்க்கணும். சம்பளக்காரங்க பலருக்குத் தெரியாத இடம் இதுதான்.

இப்போ கணக்கு

2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை. தம்பியின் சம்பளம் 13.75 லட்சம். நிலையான கழிவு 75,000 போக 13 லட்சம். விவசாய வருமானம் 1 லட்சம். வரி அடுக்கு: 4 லட்சம் வரை இல்லை, 4-8 லட்சத்துக்கு 5%, 8-12 லட்சத்துக்கு 10%, 12-16 லட்சத்துக்கு 15%. செஸ் 4 சதவீதத்தைக் கடைசியில் சேர்ப்போம்.

விவசாய வருமானத்தை மறந்துவிட்டால்: 13 லட்சத்துக்கு வரி 20,000 + 40,000 + 15,000 = 75,000 ரூபாய்.

40 சதவீதம் என்று தப்பாகப் போட்டால்: வரிக்கு உட்பட்டது 13.4 லட்சம், விவசாயம் 60,000. ரெண்டும் சேர்ந்த 14 லட்சத்துக்கு வரி 90,000. அதில் 4.6 லட்சத்துக்கான 3,000-ஐக் கழித்தால் 87,000 ரூபாய்.

சரியான முறை மூணு படி:
1. சம்பளம் 13 லட்சம் + விவசாயம் 1 லட்சம் = 14 லட்சம். இதுக்கு வரி 90,000.
2. அடிப்படை வரம்பு 4 லட்சம் + விவசாயம் 1 லட்சம் = 5 லட்சம். இதுக்கு வரி 5,000.
3. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 85,000 ரூபாய்.

முதல் பதிலை நம்பினா 2,000 ரூபாய் கூடுதலா கட்டுவார். இரண்டாவதை நம்பினா 10,000 ரூபாய் குறைவா கட்டுவார். செஸ் சேர்த்தா 10,400.

அந்த 10,400-க்குப் பின்னாடி இன்னொரு வேலை இருக்கு. டிடிஎஸ் போக பாக்கி வரி ஒரு வருஷத்தில் 10,000 ரூபாயோ அதுக்கு மேலோ இருந்தால் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டியிருக்கணும், கட்டலைன்னா வட்டி. கம்பெனி சம்பளத்துக்கு மட்டும்தான் டிடிஎஸ் பிடிச்சிருக்கும், அதுக்குத் தோட்டம் தெரியாது. அதோட, விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-2 தான். படிவத்தில் விலக்கு வருமானத்துக்கான பகுதியில் இதைச் சரியாகக் காட்டினால் இந்தக் கூட்டிக் கழிக்கும் கணக்கைப் படிவமே போட்டுக்கும். ஆனா அதைக் காட்டணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்லையா?

அப்போ ஏஐ பொய் சொல்லுதா?

பொய் சொல்லணும்னா உண்மை தெரிஞ்சிருக்கணும். சாட்பாட் அடுத்து எந்த வார்த்தை வந்தால் பொருத்தமா இருக்கும்னு கணிச்சு எழுதுற இயந்திரம். தெரிந்ததைச் சொல்லும்போதும் தெரியாததைச் சொல்லும்போதும் அதோட குரல் ஒண்ணுதான். நம்ம ஊர் ஆடிட்டர் சந்தேகம் வந்தால் "இருப்பா, பார்த்துட்டு சொல்றேன்" என்பார். அந்தத் தயக்கமே நமக்கு ஒரு தகவல். ஏஐ பதிலில் பெரும்பாலும் அது கிடைக்காது.

இதில் ஏமாந்தது சாதாரண ஆட்கள் மட்டுமில்லை. 2024 டிசம்பரில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு ஒரு டிரஸ்ட் வழக்கில் உத்தரவு போட்டது. அதில் ஆதாரமாகக் காட்டிய தீர்ப்புகளைத் தேடிப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி: உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றம் பெயரில் இருந்த அந்தத் தீர்ப்புகளில் சில இல்லவே இல்லை. ஏஐ உருவாக்கிய மேற்கோள்கள் என்று செய்திகள் வந்தன. உத்தரவைத் தீர்ப்பாயமே திரும்பப் பெற்றது. 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், இல்லாத தீர்ப்புகளைக் காட்டிப் போடப்பட்ட ஒரு வரி மதிப்பீட்டு உத்தரவை ரத்து செய்தது. ஏஐ தரும் முடிவுகளைக் கண்ணை மூடி நம்பாமல் சரிபார்க்கணும் என்றும் சொன்னது.

வரி வழக்கே வேலையாக இருப்பவர்களுக்கு இந்த நிலைமை. ராத்திரி 11 மணிக்குப் படுத்துக்கிட்டே போனில் கேட்கிற நமக்கு?

பணம் யாரோடது, பொறுப்பு யாரோடது?

2024 பிப்ரவரியில் கனடாவில் ஒரு தீர்ப்பு வந்தது. ஏர் கனடா இணையதளத்தின் சாட்பாட், துக்க நிகழ்வுக்குப் போகிறவர்களுக்கான கட்டணச் சலுகை பற்றித் தப்பான தகவல் கொடுத்தது. நம்பி டிக்கெட் எடுத்தவர் பணம் கேட்டார். "சாட்பாட் சொன்னதுக்கு நாங்க பொறுப்பு இல்லை" என்கிற மாதிரி கம்பெனி வாதாடியது எடுபடவில்லை. நஷ்டஈடு கொடுக்க வேண்டி வந்தது. நம்ம நாட்டிலும் செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் ஏஐ பயன்படுத்தி ஆலோசனை சொன்னால், அதுக்குப் பொறுப்பு அவர்தான்.

ஆனா நீங்களா ஒரு பொதுவான சாட்பாட்டில் கேட்டு, நீங்களா ரிட்டர்ன் போட்டால்? பொறுப்பு முழுக்க உங்களோடது. "ஏஐ சொல்லுச்சு" என்று பதில் எழுத வருமான வரி நோட்டீஸில் இடம் கிடையாது.

ஏஐ பதில் சொல்றது பொதுவான ஒரு ஆளுக்கு. நோட்டீஸ் வர்றது உங்க பேருக்கு. இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க.

நிலம் வாங்கும்போது இதே கதை, ஆனா லட்சக்கணக்கில்

வரியில் தப்பினால் ஆயிரங்கள். நிலத்தில் தப்பினால் பத்து வருஷ சேமிப்பு. "ஊட்டி பக்கம் ஒரு சின்ன இடம் வாங்கி ஹோம்ஸ்டே போடலாமா?" என்று கேட்காத சம்பளக்காரர் குறைவு. ஏஐ கிட்டயும் கேட்கிறாங்க. டூரிசம் வளருது, வாடகை நல்லா வரும் என்று அழகா ஒரு திட்டம் வரும். அந்தத் திட்டத்தில் விட்டுப்போகக் கூடியவை:

* கூடலூர் பக்கம்: 1969-ஆம் ஆண்டு ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் வரும் நிலங்களின் உரிமைச் சிக்கல் பல பத்தாண்டுகளாகத் தொடருது. கையில் இருக்கிற எல்லா நிலத்துக்கும் பட்டா இருக்கும்னு நினைக்கக் கூடாது.
* மசினகுடி, சீகூர் பக்கம்: 2010-இல் அரசு அறிவித்த யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14 அன்று உறுதி செய்தது. வழித்தடத்துக்குள் வந்த ரிசார்ட்டுகள் மூடப்பட்டன. விற்பவர் காட்டுகிற சர்வே எண் கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா என்பதுதான் கேள்வி. அதுக்குப் பதில் சாட்பாட்டில் இல்லை, ஆவணத்தில்தான் இருக்கு.
* வருமானக் கணக்கு: 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். 2025 ஏப்ரல்-ஜூன் சீசனில் நீலகிரிக்குள் வரும் வண்டிகளுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்தார்கள். 2023 வரையிலான தகவலை வைத்துப் பேசும் ஏஐ, இது எதுவும் தெரியாமலே உங்க ஹோம்ஸ்டே எத்தனை நாள் நிரம்பும்னு கணக்குப் போடும்.

இந்த மாதிரி விஷயத்தில் ஏஐ பதில் முடிவு இல்லை, ஆரம்பம். பதிவுத்துறை தளத்தில் வில்லங்கச் சான்று, வருவாய்த்துறை தளத்தில் பட்டா, அ-பதிவேடு, புலப்பட நகல். பிறகு உள்ளூர் வக்கீல், கிராம நிர்வாக அலுவலர். இவங்க யாரையும் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

எதுக்கு நம்பலாம், எதுக்கு நம்பக்கூடாது?

ஏஐயை நான் தினமும் பயன்படுத்துறேன். தூக்கிப் போடச் சொல்லலை. மூணு கூடையா பிரிச்சுக்கோங்க.

*முதல் கூடை, தாராளமா கேளுங்க:* டெர்ம் இன்ஷூரன்ஸ்னா என்ன, எஸ்ஐபி எப்படி வேலை செய்யுது, ஹெல்த் பாலிசியில் "கோ-பே" என்றால் என்ன அர்த்தம், பேங்குக்கு ஒரு புகார் லெட்டர், ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியல். தப்பானாலும் பணம் உடனே போகாது.

*இரண்டாவது கூடை, கேட்டுட்டு மூலத்தில் பாருங்க:* வரி விகிதம், கடைசித் தேதி, வட்டி விகிதம், விலக்கு வரம்பு. இதெல்லாம் மாறிக்கிட்டே இருக்கும். 2025 பட்ஜெட்டில்தான் புதிய முறையில் வரியில்லா வரம்பு 7 லட்சத்திலிருந்து 12 லட்சமானது. பழைய தகவலில் நிற்கும் ஏஐ இன்னும் 7 லட்சம் என்று சொல்லலாம். இப்போ சட்டமே மாறியிருக்கு: 2026 ஏப்ரல் 1 முதல் சம்பாதிப்பதற்கு 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், 2025-26 வருமானத்துக்குப் பழைய 1961 சட்டம். பிரிவு எண்களும் மாறிடுச்சு. கொஞ்ச காலத்துக்கு ஏஐ ரெண்டையும் குழப்பிக்க நிறைய வாய்ப்பு இருக்கு. கோத்தகிரியில் இந்த மாசம் பச்சைத் தேயிலை விலை என்னன்னு கேட்டாலும் இதே கதைதான். மாவட்ட சராசரி விலையைத் தேயிலை வாரியம் மாசாமாசம் அறிவிக்குது, அதையே பாருங்க.

*மூன்றாவது கூடை, முடிவை அதுகிட்ட விடாதீங்க:* ஒரு குறிப்பிட்ட நிலத்தின் உரிமை, உங்க பெயரில் வந்த நோட்டீஸுக்குப் பதில், "எல்லாப் பணத்தையும் இந்தப் பங்கில் போடலாமா?" போன்ற கேள்விகள். பான், ஆதார், பேங்க் பாஸ்வேர்ட் எதையும் சாட்டில் ஒட்டவே ஒட்டாதீங்க.

கேட்கும்போதே செய்ய வேண்டிய நாலு வேலை

1. உங்க நிலைமையைச் சொல்லுங்க. "தேயிலை வருமானத்துக்கு வரி எவ்வளவு?" என்றால் பொதுப் பதில்தான் வரும். "நாங்க இலையை மட்டும் பேக்டரிக்கு விற்கிறோம், தூள் தயாரிப்பதில்லை, எனக்குச் சம்பளமும் இருக்கு" என்று கேளுங்க.

2. இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்க: "என் நிலைமையில் எந்த விவரம் மாறினால் உன் பதில் மாறும்?" தம்பியோட போனில் டீக்கடையிலேயே கேட்டுப் பார்த்தோம். தயாரிப்பு இருக்கா இல்லையா, நிலம் யார் பெயரில், சம்பளம் எவ்வளவு என்று அதுவே கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையா எடுத்துப் போட்டது. பதில் சொல்வதை விட, என்னென்ன கேட்கணும்னு சொல்வதில் அது கெட்டி.

3. எந்தச் சட்டம், எந்த விதி, எந்த தேதி என்று கேட்டு, அந்தப் பக்கத்தை நீங்களே திறந்து படிங்க. லிங்க் கொடுத்தால் போதாது, அதில் அந்த வரி இருக்கான்னு பார்க்கணும். தேடியும் கிடைக்கலைன்னா, அப்படி ஒண்ணு இல்லைன்னே எடுத்துக்கோங்க.

4. "உறுதியா சொல்றியா?" என்று அதையே கேட்பது சரிபார்ப்பு ஆகாது. சில நேரம் சரியான பதிலைக்கூட மன்னிப்புக் கேட்டு மாத்திடும். முடிஞ்சா அரசு சுற்றறிக்கையையோ பாலிசி ஆவணத்தையோ கொடுத்து, "இதில் உள்ளதை மட்டும் வைத்துப் பதில் சொல்" என்று கேளுங்க. தப்பு குறையும், ஆனா சுத்தமா போயிடாது.

எவ்வளவு சரிபார்ப்பது?

எல்லாத்தையும் தோண்டிக்கிட்டே இருந்தா வேலை நடக்காது. ஒரு எளிய அளவுகோல்: இந்தப் பதில் தப்பானால் எவ்வளவு ரூபாய் போகும்? 500 ரூபாய் என்றால் ஏஐ போதும். உங்க ஒரு மாசச் சம்பளம் என்றால் அரசு மூலத்தைத் திறந்து பாருங்க. அதுக்கும் மேலே என்றால், பொறுப்பெடுத்துக் கையெழுத்துப் போடுகிற ஒரு மனுஷரிடம் போங்க. அவருக்குக் கொடுக்கிற ஃபீஸ், நீங்க இழக்கக்கூடிய தொகையோட ஒப்பிட்டா சின்னதுதான்.

தம்பி என்ன செய்தார்? 75,000-க்கு டிடிஎஸ் பிடிச்சாச்சு, விட்டுடலாம்னு ஐடிஆர்-1 பாதி நிரப்பி வெச்சிருந்தார். அதை விட்டுட்டு ஐடிஆர்-2 எடுத்தார். பேக்டரி கொடுத்த மாத பில்களையும், அம்மா நோட்டுப் புத்தகத்தில் எழுதி வெச்சிருந்த பறிகூலி, உரச் செலவையும் வரிசையா அடுக்கினார். பாக்கி வரியை வட்டியோடு கட்டினார்.

"அம்மாவோட நோட்டுதான் அண்ணா கடைசியில கை கொடுத்தது" என்றார்.

ஆமா. அந்த 1 லட்சம் எப்படி வந்ததுன்னு எந்த ஏஐக்கும் தெரியாது. அது இருந்தது கோத்தகிரியில், ஒரு 80 பக்க நோட்டில்.

உங்க வீட்டிலும் தோட்டமோ வயலோ உங்க பெயரில் இருந்தால், ரிட்டர்ன் போடறதுக்கு முன்னாடி மேலே இருக்கிற மூணு படிக் கணக்கை உங்க எண்களை வைத்து ஒருமுறை போட்டுப் பாருங்க. அடுத்த வீடியோவில் ஐடிஆர்-2-இல் இதை எங்கே, எப்படி நிரப்புவது என்று திரையிலேயே காட்டுறேன்.